திரை போட்ட அந்தக் கடைக்குள் போகலாமா?

"டென்மார்க்கில் ஒடென்ஸ் நகரத்தில் ஒரு ரோபோ கம்பெனியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. தினமும் ஸ்கிப்ஹுஸ்வெய் வழியாகத்தான் வீட்டுக்கு நடக்கிறேன். அந்தத் தெருவில் ஒரு சின்ன பார் இருக்கிறது. ஜன்னலுக்குப் பாதித் திரை, வாசலில் பீர் கம்பெனி போர்டு, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. டீமில் இருக்கும் டேனிஷ்காரர் ஒருவர் வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அங்கே வா என்று கூப்பிடுகிறார். நான் பெரிதாகக் குடிப்பவன் இல்லை. போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது?" இதுதான் கேள்வி.

தயங்காமல் போங்கள். அதுவும் அவர் கூப்பிட்ட இந்த முறையே போங்கள். டென்மார்க்குக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: இந்த ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார்கள். உண்மைதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் இறங்க வேண்டும் என்றால் வாயைத் திறந்து "கொஞ்சம் வழி விடுங்கள்" என்று சொல்லமாட்டார். பையை எடுத்து மடியில் வைப்பார், ஜிப்பை இழுப்பார், நாமாகப் புரிந்துகொண்டு எழுந்திருக்க வேண்டும். அதே ஆள் அந்தத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், முன்பின் தெரியாத உங்களிடம் தன் முழங்கால் ஆபரேஷன் கதையைச் சொல்வார். ஒரே ஊர், ஒரே மனிதர், நடுவில் ஒரு கதவுதான். அந்தக் கதவுக்கு உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு போனால் தயக்கம் இருக்காது.

இந்த மாதிரிக் கடையை டேனிஷில் வெர்ட்ஸ்ஹூஸ் என்பார்கள். பேச்சு வழக்கில் போடேகா. காக்டெயில் பார் வேறு, நகர மையத்தில் இருக்கும் ஐரிஷ் பப் வேறு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் காபியும் ஒயினும் விற்கும் கஃபே வேறு. போடேகா என்றால் குடியிருப்புத் தெருவின் மூலையில் இருக்கிற, அந்தத் தெருக்காரர்களுக்கான கடை. நாலைந்து மேஜை, ஒரு மரக் கவுண்டர், தாழத் தொங்கும் மஞ்சள் விளக்கு. மரம், சுவர், கூரை எல்லாம் ஒரே பழுப்பு. அந்தப் பழுப்பில் பாதி பெயின்ட், மீதி பல வருஷத்துச் சிகரெட் புகை. மூலையில் இரண்டு மூன்று சூதாட்ட மெஷின்கள் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருக்கும். ஒடென்ஸ் என்பதால் ஓபி கால்பந்து அணியின் நீல வெள்ளைத் துண்டு எங்காவது தொங்கும். கவுண்டரின் ஓரத்தில் தோல் குவளைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருக்கும். அவற்றைப் பற்றிப் பிறகு நிறையப் பேச வேண்டும்.

முதலில் புகை. கதவைத் திறந்ததும் உங்களைத் தாக்கப்போவது அதுதான். "ஐரோப்பாவில் பாருக்குள் சிகரெட்டா?" என்று அதிர்ச்சியாக இருக்கும். டென்மார்க்கில் பொது இடங்களில் புகைக்கும் தடை 2007 ஆகஸ்ட் 15 அன்று அமலுக்கு வந்தது. ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் உட்காரும் இடம் 40 சதுர மீட்டருக்குள் இருந்து, முறையான சாப்பாடு பரிமாறாமலும் இருந்தால், புகைக்க அனுமதிக்கலாமா கூடாதா என்பதைக் கடைக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். பெரிய கடைகளில் புகைக்க விட வேண்டும் என்றால் அதற்கென்று தனி அறை வேண்டும்.

போடேகா ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குப் பாதி விடை அந்த ஒரு விலக்கில் இருக்கிறது. மற்ற மதுக்கடைகள் எல்லாம் காற்றோட்டமான உணவகங்களாக மாறிக்கொண்டிருந்தபோது, இவை மாறினால் நஷ்டம் என்ற நிலை. விரிவாக்கினால் 40 சதுர மீட்டரைத் தாண்டும். சமையலறை போட்டால் விலக்கு போய்விடும். ஆகவே சின்னதாகவே இருந்தன, சமைக்காமலே இருந்தன, புகைக்கும் வாடிக்கையாளர்கள் எல்லாம் இவற்றுக்கே வந்து சேர்ந்தார்கள். புகையை ஒழிக்க வந்த சட்டம், புகை மண்டிய ஒரு பழைய உலகத்தை அப்படியே ஊறுகாய் போட்டு வைத்துவிட்டது. ஆரோக்கியத்துக்கு நல்லது என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் நண்பரிடம் சொல்லிப் புகையில்லாத கடைக்குப் போங்கள். அப்படியும் இப்போது இருக்கின்றன. இல்லையென்றால், துவைக்கப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள். நல்ல கம்பளிக் கோட்டு மட்டும் வேண்டாம். வாரம் முழுக்க அதில் அந்த வாடை இருக்கும்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரிந்திருக்கும்: சைடு டிஷ் என்று ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. வேர்க்கடலைப் பாக்கெட், சிப்ஸ், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு ஐந்து மணிக்குப் போய் இரண்டு பாட்டில் குடித்தால் நம் உடம்பு தாங்காது. வழியில் ஒரு ஹாட் டாக் வண்டியில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம்.

டேனிஷ்காரர்கள் என்றாலே பீர் என்று நினைக்கிறோம். நூறு வருஷத்துக்குச் சற்று முன்பு வரை அவர்கள் ஸ்னாப்ஸ் என்ற காட்டமான சாராயத்தைத்தான் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் தானியப் பற்றாக்குறை வந்ததும் அரசு அதன் மீது வரியை ஒரேயடியாக ஏற்றியது. ஒரு குரோனருக்கும் குறைவாக இருந்த பாட்டில் 11 குரோனருக்குப் போனது. ஒரு தலைமுறைக்குள் தொழிலாளி பீருக்கு மாறிவிட்டார். அதன் பிறகு பீர் என்றால் பாட்டில். 1982 முதல் 2002 வரை இந்த நாட்டில் பீரை கேனில் விற்கவே தடை இருந்தது. பாட்டிலைத் திரும்ப வாங்கி, கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும் என்பது கொள்கை. 30 பாட்டில் கொண்ட பிளாஸ்டிக் பெட்டிதான் கணக்கு. போடேகாவில் இன்றும் பெரும்பாலானோர் கையில் 33 சென்டிலிட்டர் பாட்டிலைப் பார்ப்பீர்கள். கண்ணாடிக் கோப்பை கேட்டால் தருவார்கள், ஆனால் பாட்டிலிலேயே குடிப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

உங்கள் தெருவுக்கு என்று தனிக் கதை ஒன்று உண்டு. ஸ்கிப்ஹுஸ் பகுதி துறைமுகத்தை ஒட்டிய பழைய தொழிலாளர் குடியிருப்பு. கப்பல் தொழிலதிபர் ஏ.பி. மோலர் தொடங்கிய ஒடென்ஸ் எஃகுக் கப்பல் கட்டும் தளம் முதலில் ஒடென்ஸ் கால்வாய்க் கரையில்தான் இருந்தது. 1950களின் கடைசியில் ஊருக்கு வெளியே முன்கெபோவை ஒட்டிய லிண்டோவில் பிரம்மாண்டமான புதிய தளம் வந்தது. 2006இல் கடலில் இறங்கிய எம்மா மேர்ஸ்க், கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம், அன்றைக்கு உலகிலேயே பெரிய கன்டெய்னர் கப்பல், அங்கே கட்டியதுதான். 2012இல் தளத்தை மூடிவிட்டார்கள். அங்கே வெல்டிங் செய்த கைகள் ஓய்வுபெற்று இந்தப் போடேகாக்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

நீங்கள் ஏன் ஒடென்ஸில் இருக்கிறீர்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? கப்பலின் இரட்டை அடித்தளத்துக்குள் மனிதர்கள் தவழ்ந்து போய்ச் செய்யும் வெல்டிங்கை ரோபோவால் செய்ய முடியுமா என்று இதே தளம் தேடத் தொடங்கியது. அந்தத் தேடலுக்காகத்தான் மோலர் குழுமத்தின் பணத்தில் 1997இல் ஒடென்ஸ் பல்கலைக்கழகத்தில் (இன்றைய தென் டென்மார்க் பல்கலைக்கழகம்) ஓர் ஆய்வு நிறுவனம் வந்தது. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் 2005இல் யுனிவர்சல் ரோபோட்ஸ் தொடங்கினார்கள். பிறகு வந்த ரோபோ கம்பெனிகள் பலவும் அந்த வேரில் முளைத்தவை. அதாவது பக்கத்து மேஜையில் இருக்கும் பெரியவரின் வேலை உங்கள் வேலைக்குப் பாட்டன். "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று அவர் கேட்கும்போது வெறுமனே "ஐடி" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ரோபோ என்று சொல்லுங்கள். பேச்சு தானாகப் போகும்.

சரி, உள்ளே போனதும் என்ன செய்வது? கதவைத் திறந்தால் எல்லோரும் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் நிறத்துக்காக மட்டும் அல்ல. தெருக்காரர் அல்லாத யார் வந்தாலும் அந்தப் பார்வை உண்டு, கோபன்ஹேகன்காரர் வந்தால் இன்னும் கொஞ்சம் நீளமாக. தலையை அசைத்து "ஹை" என்று சொல்லுங்கள், முடிந்தது. காலி மேஜை இருக்கிறதே என்று நேராகப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். கவுண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மேஜை பெரும்பாலும் நிரந்தர வாடிக்கையாளர்களுடையது. போர்டு இருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். "ஏர் ஹேர் லேதி?" (இந்த இடம் காலியா) என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். உங்கள் உச்சரிப்பு கேவலமாகத்தான் இருக்கும். அதைக் கேட்டு அவர்கள் சிரிப்பதில் வன்மம் கிடையாது. பேச்சு ஆரம்பிக்க அதுவே ஒரு காரணமாகிவிடும்.

மேஜைக்கு வந்து ஆர்டர் எடுக்கமாட்டார்கள். நீங்கள்தான் கவுண்டருக்குப் போக வேண்டும். என்ன கேட்பது என்பதில் ஊர் அபிமானம் இருக்கிறது. ஒடென்ஸில் 1859 முதல் ஆல்பனி என்ற மது ஆலை இருக்கிறது. இன்று ராயல் யுனிப்ரூ என்ற பெரிய கம்பெனிக்குள் போய்விட்டாலும் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் நம்ம ஊர் பீர்தான். ஒடென்ஸ் பில்ஸ்னர் அல்லது ஒடென்ஸ் கிளாசிக் கேளுங்கள். டுபோர்க் வேண்டும் என்றால் "என் க்ரொன்", அதாவது பச்சை ஒன்று, என்றால் போதும். பச்சை லேபிள் டுபோர்க்கைக் கொடுத்துவிடுவார்கள். விலை பெரும்பாலும் 25 முதல் 35 குரோனருக்குள் இருக்கும். நகர மையத்தில் பளபளப்பான பார்களில் கேட்பதில் பாதி.

கவுண்டருக்குப் பின்னால் ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட பாட்டில் தெரியும். அதன் கதை நிஜமாகவே அழகானது. ஒடென்ஸ் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒட்டகச்சிவிங்கியை ஆல்பனி தன் விளம்பரங்களில் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 1962இல் அது இறந்துபோனது. புதிய ஒட்டகச்சிவிங்கி வாங்கப் பணம் திரட்ட ஆலை ஒரு பீரையே புதிதாகக் காய்ச்சியது. அதுதான் கிராஃப். கதைக்காக வாங்காதீர்கள். ஆல்கஹால் 7 சதவீதத்துக்கு மேல். குடித்துப் பழக்கமில்லாதவருக்கு ஒன்றே அதிகம்.

குடிக்கவே விருப்பமில்லை என்றால் ஃபாக்ஸே கோண்டி கேளுங்கள். 1971 முதல் விற்கும் டேனிஷ் எலுமிச்சை சோடா, போடேகாவில் அதைக் குடிப்பவரை யாரும் ஏளனமாகப் பார்க்கமாட்டார்கள். ஓட்டிக்கொண்டு போக வேண்டியவர், மருந்து எடுப்பவர், குடியை விட்ட பின்னும் நண்பர்களுக்காக வருபவர் என்று எந்நேரமும் யாராவது சோடாவோடு இருப்பார்கள். ஆல்கஹால் இல்லாத பீரும் இருக்கும். "ஏன் குடிக்கவில்லை?" என்று ஒரு முறை கேட்பார்கள், "குடிப்பதில்லை" என்றால் விட்டுவிடுவார்கள். காரணம் சொல்லி நீட்டினால்தான் பேச்சு வளரும்.

பணம் அந்தந்த முறை கொடுத்துவிடுவது நல்லது. டேனிஷ்காரர்கள் மொபைல்பேயில் தட்டிவிட்டுப் போவார்கள். உங்களுக்கு இன்னும் இந்த ஊர் வங்கிக் கணக்கு வரவில்லை என்றால் அது வேலை செய்யாது, கார்டோ சில்லறை நோட்டுகளோ வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

இனி அந்தத் தோல் குவளைகள். போடேகாவின் உயிர் இதில்தான் இருக்கிறது. பீரை வீட்டிலும் குடிக்கலாம். பேசத் தெரியாத ஒரு ஜனத்தைப் பேச வைக்கும் கருவி இந்தக் குவளையும் அதற்குள் இருக்கும் பகடைகளும்தான். பார்க்காரரிடம் "ராஃப்லபேயர்" என்று கேட்டால் இலவசமாகக் கொடுப்பார். பல ஆட்டங்கள் உண்டு. நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது மெயர். கணக்கு கொஞ்சம், பொய் நிறைய.

ஆளுக்கு ஒரு பகடை முன்னால் வைத்துக்கொள்வார்கள், ஆறு மேலே தெரியும்படி. அது உங்கள் உயிர்க்கணக்கு. தோற்கும்போதெல்லாம் ஒன்று குறைத்துத் திருப்ப வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு பகடைகள். குவளையில் போட்டுக் குலுக்கி, மேஜை அதிரக் கவிழ்த்து, நீங்கள் மட்டும் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்க்க வேண்டும். பெரிய எண்ணை முன்னால் வைத்துப் படிப்பார்கள்: ஆறும் நாலும் விழுந்தால் 64. எல்லாச் சாதாரண எண்களையும்விட ஜோடிகள் பெரியவை, ஒன்று ஜோடி முதல் ஆறு ஜோடி வரை. அவற்றுக்கும் மேல் 31, அது சின்ன மெயர். எல்லாவற்றுக்கும் மேல் 21, அதுதான் மெயர். 32 விழுந்தால் பல மேஜைகளில் எல்லோரும் சேர்ந்து ஒரு மடக்குக் குடிக்க வேண்டும்.

பார்த்துவிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். உண்மையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் முந்தையவர் சொன்னதற்குக் குறையக் கூடாது. அடுத்தவர் நம்பினால் குவளையை வாங்கிக் குலுக்கி, அதற்குச் சமமாகவோ மேலாகவோ சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் குவளையைத் தூக்கலாம். பொய் என்றால் சொன்னவருக்கு ஓர் உயிர் போகும், உண்மை என்றால் தூக்கியவருக்குப் போகும். மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது. முன்னவர் சொன்னதை எட்டவில்லை என்று தோன்றினால், இன்னொரு முறை குலுக்கி, பார்க்காமலே "அதுவோ அதற்கு மேலோ" என்று சொல்லி அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். இப்போது யாருக்கும் உண்மை தெரியாது. அந்தக் குவளை மேஜையைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் லிண்டோவில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கட்டை விரலில் பழைய தீத்தழும்பு, பேச்சு ஒடென்ஸ் இருக்கும் ஃபியூன் தீவுக்காரர்களுக்கே உரிய இழுவை. குவளையைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு புகை இழுப்பார், "ஐந்து ஜோடி" என்பார். பொய்தான் என்று நான் தூக்கினால் இரண்டு ஐந்துகள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த சுற்றில் அதே முகம், அதே புகை, "ஆறு ஜோடி". நம்பிவிடுவேன். எட்ட முடியாமல் நான் மெயர் என்று புளுகியதும் அவர் உடனே குவளையைத் தூக்கிவிடுவார். ஆட்டம் முடிந்த பிறகுதான் தன் சுற்றில் இருந்தவை நாலும் இரண்டும் என்பார். "எதை வைத்துக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டதற்கு, "நீ குவளைக்குள் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாய். உண்மை பேசுகிறவன் பீரைப் பார்ப்பான்" என்றார். நான் எந்த நாட்டுக்காரன் என்பதை அவர் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். ஆபீஸ் பார்ட்டிகளில் அது முதல் கேள்வியாக இருக்கும், அதோடு பேச்சும் முடிந்துவிடும்.

தோற்றவர் அடுத்த ரவுண்டு வாங்க வேண்டும் என்பது பொதுவான பந்தயம். நீங்கள் ஒரு ரவுண்டுக்குச் சிக்கிக்கொண்டால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். ஆட்டத்துக்கு வெளியே டேனிஷ்காரர்கள் பெரும்பாலும் அவரவர் பணத்தில் குடிப்பார்கள். யாராவது உங்களுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அதைத் திருப்பிச் செய்வது மரியாதை. மறந்தால் சொல்லமாட்டார்கள், ஆனால் நினைவில் வைத்திருப்பார்கள்.

கவுண்டருக்கு மேல் பித்தளை மணி ஒன்று தொங்கினால் அதன் கயிற்றைத் தொடாதீர்கள். கப்பல் மணி மாதிரி அழகாக இருக்கும், கை துறுதுறுக்கும். அதை அடித்தவர் கடையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு ரவுண்டு வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். பேரன் பிறந்தவர், லாட்டரி விழுந்தவர் அடிப்பார்கள். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் அடித்தாலும் கடை முழுக்கக் கைதட்டும்.

ஸ்கோல், அதாவது சியர்ஸ், சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாட்டிலைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, குடித்து, மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டுக் கீழே வைக்க வேண்டும். நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இதில் மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

சின்னக் கிளாஸில் பழுப்பாக ஒன்றை யாராவது நீட்டலாம். காம்மெல் டான்ஸ்க், 1964இல் வந்த கசப்பு மது, 38 சதவீதம். பிறந்தநாள் காலைகளில் ரொட்டியோடு குடிக்கும் பழக்கம் இன்றும் உண்டு. எனக்கு அது இருமல் மருந்துதான். ஆனால் மறுத்தால் பெரியவர் முகம் வாடும், குடிப்பவராக இருந்தால் ஒரு மடக்கில் முடித்துவிடுங்கள்.

பழைய கடைகள் சிலவற்றில் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். தபால் பெட்டி போல வரிசையாக எண் போட்ட சின்னச் சின்னத் துளைகள். சூதாட்ட மெஷின் என்று நினைத்துக் காசு போட்டுவிடாதீர்கள். அது வாடிக்கையாளர்களின் சேமிப்புச் சங்கம். ஆளுக்கு ஒரு துளை. வாரா வாரம் ஒரு தொகை போட வேண்டும், கிறிஸ்துமஸ் வரும்போது திறந்து எண்ணிக் கொடுப்பார்கள், கூடவே ஒரு விருந்து. அப்படியே நம் தீபாவளிச் சீட்டு. குடிக்க வந்த இடத்தில் சேமிக்கவும் வைத்திருக்கிறார்கள் என்பதில் ஒரு தொழிலாளி மனைவியின் கை இருந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

இந்தக் கடைகள் பாதி சமூக நலக்கூடம் மாதிரி. கோடையில் பஸ் வைத்து வாடிக்கையாளர்களை ஒரு நாள் பிக்னிக் கூட்டிப்போகும் போடேகாக்கள் உண்டு. நவம்பரில் வாத்து பரிசாக வைத்து பிங்கோ நடக்கும். மார்ட்டின் திருநாளுக்கு முந்தின இரவு, நவம்பர் 10, வாத்துக் கறி சாப்பிடும் நாள். பிப்ரவரி வாக்கில் ஃபாஸ்டலவ்ன் திருவிழாவுக்கு மரப்பீப்பாயைத் தொங்கவிட்டு வேஷம் போட்ட பெரியவர்கள் தடியால் அடித்து உடைப்பார்கள். நிரந்தர வாடிக்கையாளர் இறந்தால் கல்லறையிலிருந்து எல்லோரும் நேராக இங்கே வந்து அவர் பெயரில் ஒரு பீர் குடிப்பார்கள். கிறிஸ்துமஸ் மாலையில் நாடே கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமாக உட்கார்ந்திருக்கும்போது, குடும்பம் இல்லாதவர்களுக்காகத் திறந்து வைக்கும் கடைகளும் இருக்கின்றன.

இதை எல்லாம் ரொம்பவும் புனிதப்படுத்தவும் வேண்டாம். காலை ஆறு மணிக்கே திறக்கும் போடேகாக்கள் உண்டு. முன்பு இரவு ஷிஃப்ட் முடித்து வந்த தொழிலாளர்களுக்காக. இன்று அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களில் பலர் வேலையிலிருந்து வருபவர்கள் இல்லை. சூதாட்ட மெஷின் முன்னால் ஒருவர் சத்தமில்லாமல் சம்பளத்தைத் தொலைத்துக்கொண்டிருப்பதையும் பார்ப்பீர்கள். போதை ஏறிய யாராவது குடியேற்றம், மதம் என்று உங்களைச் சீண்டலாம். பெரும்பாலும் பார்க்காரர் ஒரு அதட்டலில் அடக்கிவிடுவார். நீங்கள் வாதம் செய்து ஜெயிக்கப்போவதில்லை, மேஜை மாறிக்கொள்ளுங்கள். அவர்களுடைய கேலி காட்டமாக இருக்கும், அதில் எது கேலி, எது விஷம் என்பது பழகப் பழகத்தான் தெரியும். உங்களையும் கேலி செய்யத் தொடங்கினால் பொதுவாக அது நல்ல அறிகுறி.

வீடு திரும்புவதைப் பற்றி ஒரு வரி. கார் வேண்டாம், ரத்தத்தில் ஆல்கஹால் எல்லை 0.5 புரோமில்தான், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு. சைக்கிளுக்கு அப்படி ஓர் எண் சட்டத்தில் இல்லை என்று யாராவது சொல்வார்கள். சரிதான், ஆனால் தள்ளாடிக்கொண்டு ஓட்டினால் போலீஸ் அபராதம் போடும். உங்களுக்கு நடக்கிற தூரம்தானே.

கோபன்ஹேகன் போனால் பார்க்க ஆசைப்படுவீர்கள் என்பதால்: 1723 முதல் இருக்கும் வீட்ஸ் வின்ஸ்டூவும், பத்திரிகைக்காரர்களும் எழுத்தாளர்களும் குடித்துப் பெயர் பெற்ற போ-பி பாரும் பழமைக்காக ஒரு முறை போய்வரலாம். காம்மெல் கோங்கவெய்யில் இருக்கும் வின்ஸ்டூ 90இல் நுரை தானாக அடங்க விட்டு ஒரு பீரைக் கால் மணி நேரம் ஊற்றுவார்கள், பொறுமை இருந்தால் நன்றாக இருக்கும். ஆர்ஹுஸ் நகரில் 1906இல் தொடங்கிய பீட்டர் கிஃப்ட் உண்டு. அங்கே ஒடென்ஸ் பீரைக் கேட்காதீர்கள், அவர்கள் செரெஸ் டாப் குடிப்பவர்கள். இவையெல்லாம் பெயர் பெற்ற இடங்கள், சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள். சமீப வருஷங்களில் மாணவர்கள் மலிவு விலைக்காகப் போடேகாக்களை மொய்க்கிறார்கள், சனிக்கிழமை இரவில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த ஊர் மனிதர்களைப் பார்க்க உங்கள் தெரு மூலைக் கடையே மேல்.

வியாழன், வேலை முடிந்ததும் என்று உங்கள் நண்பர் சொன்னது சரியான நேரம். நாலு நாலரைக்குப் போனால் வேலை முடித்தவர்களும் ஓய்வுபெற்றவர்களும் கலந்திருப்பார்கள், பேச்சுக் கேட்கும், பகடைக்கு மேஜை கிடைக்கும். நவம்பர் முதல் வெள்ளிக்கிழமையை மட்டும் முதல் அனுபவமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று இரவு 8:59க்கு டுபோர்க்கின் கிறிஸ்துமஸ் பீர் வெளியாகும், நீலத் தொப்பி போட்ட கூட்டத்தில் கவுண்டரை நெருங்கவே முடியாது. கடைசி நேரத்தில் நண்பர் வரமுடியாமல் போனாலும் தனியாகவே போங்கள். கவுண்டரில் உட்கார்ந்து, ஓர் ஒடென்ஸோ ஒரு கோண்டியோ வாங்கிக்கொண்டு, பகடைக் குவளையைக் கேளுங்கள். தனியாக ஆட முடியாது என்று பார்க்காரருக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும்.